இந்தியா இல்லாத உலக உருண்டை

எனக்கு முன்கோபம் அதிகம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்த யாராவது வந்து சொல்லிவிடுவார்கள். ஒருவரைப் பார்த்து நல்லது என்று சொல்லவும் எனக்கு லேசில் வாய் வராது. அப்படிப்பட்டவளான நான் ஒரு வருஷம் முழுக்க ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து அசந்துபோய் இருந்தேன். அவள் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர்.

ஐம்பதுகளில், மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே கடலோரக் குப்பம் ஒன்றில் எனக்கு வேலை. ஓலை வேய்ந்த ஜில்லா போர்டு ஸ்கூல். நான்காம் வகுப்பு வரைக்கும்தான் உண்டு. ஒன்றும் இரண்டும் என் தலையில். மூன்றாம் வகுப்பும் மற்ற எழுத்து வேலையும் தலைமையாசிரியருக்கு. பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கட்டுமரக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். மேற்கே இருந்த பயிர்க்காரர்கள் ஊரிலிருந்தும் கொஞ்சம் பேர் வருவார்கள். ஐந்தாம் வகுப்பு படிக்க வேண்டுமானால் சுடுமணலில் நடந்து சதுரங்கப்பட்டினம் போக வேண்டும். பையன்களில் நாலைந்து பேர் போவார்கள். பெண்களில் ஒருத்தியும் போனதில்லை.

அவள் வந்ததும் தலைமையாசிரியர் நான்காம் வகுப்பைத் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டார். பத்தொன்பது வயசுதான் இருக்கும். டிரெயினிங் முடித்த கையோடு முதல் வேலை. தினமும் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து, இறங்கின இடத்திலிருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் ஓடி வருவாள். நடக்கவே தெரியாது அவளுக்கு. எதற்கெடுத்தாலும் சிரிப்பு. இது எத்தனை நாளைக்கு என்று நானும் தலைமையாசிரியரும் பார்த்துக்கொண்டோம்.

அந்த வருஷம்தான் எங்களுக்கு உலக உருண்டை ஒன்று சாங்ஷன் ஆனது. வாங்கிவர நானும் அவளும் செங்கல்பட்டு ஆபீசுக்குப் போனோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். கண்டக்டர் வந்து நின்றார்.

“இன்னாம்மா அது, பரங்கிக்காயா?”

“உலகம்ங்க.”

“அட, உலகத்துக்கு அர டிக்கெட்டாவது போட வேணாமா?” என்று கேட்டுவிட்டு, துண்டை விலக்கிப் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார். “நம்ம ரூட்டு இதுல எங்க கீது?”

அவ்வளவுதான். முன் சீட்டு, பின் சீட்டு எல்லாம் எழுந்து வந்துவிட்டது. வெற்றிலைக்கட்டுக்காரர் ஒருவர், மூட்டையோடு ஒரு அம்மா, எல்லாருக்கும் இவள் இந்தியாவைக் காட்டி, மதராசைக் காட்டி, இங்கேதான் நம்ம பஸ் போய்க்கொண்டிருக்கிறது என்று விரல் நுனியை வைத்துக் காட்டினாள். எனக்கு மானம் போனது. “நீ குளோபு வாங்க வந்தியா, மோடிமஸ்தான் வித்தை காட்ட வந்தியா?” என்றேன். “ரெண்டும் ஒண்ணுதான் அக்கா” என்றாள்.

உருண்டை வந்த நாளிலிருந்து என் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்து உட்காரவில்லை. எங்களுக்கு நடுவில் சுவர் கிடையாது. ஒரு தட்டிதான். அந்தப் பக்கம் அவள் முதல் நாளே ஒரு விளையாட்டு ஆரம்பித்தாள். கண்ணை மூடிக்கொண்டு உருண்டையைச் சுழற்ற வேண்டும், ஒற்றை விரலால் நிறுத்த வேண்டும். விரல் நின்ற இடம் தண்ணீரா தரையா? ஒவ்வொரு பிள்ளையாக வந்து சுழற்றியது. “தண்ணி!” “தண்ணி!” “தண்ணி!” நடுவில் எப்போதாவது ஒரு “தர.” குப்பத்துப் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் பெரும்பங்கு தங்கள் வீட்டுச் சொத்து என்று தெரிந்தால் யாருக்குத்தான் புரியும்? “டேய், உங்குளுக்குக் கொஞ்சூண்டு தான்டா கீது!” என்று பயிர்க்கார வீட்டுப் பையன்களைச் சீண்டினார்கள். ஒருவன் அழுதே விட்டான். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, “இதோ பாரு, ஆசியா. எவ்ளோ பெரிசு! இது முழுக்க உன்னோடதுதான்” என்று சமாதானப்படுத்தினாள்.

சாயங்காலத்தில் எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போவாள். ஈர மணலில் குச்சியால் ஏழு கண்டங்களையும் பெரிது பெரிதாகக் கீறுவாள். பிள்ளைகள் ஆளுக்கொரு கண்டத்தில் நிற்க வேண்டும். “ஆப்பிரிக்கா, கிளம்பு! ஆஸ்திரேலியாவுல கல்யாணம். எந்தச் சமுத்திரத்துல போவே?” என்பாள். “இந்துமா சமுத்திரம்!” என்று கத்திக்கொண்டே அது தாவும். பதிலைத் தப்பாகச் சொன்னால் மூழ்கிப்போனதாகக் கணக்கு. மணலில் விழுந்து கிடக்க வேண்டும். அண்டார்டிகாவில் நிற்கிறவன் குளிரில் நடுங்கியபடியே நிற்க வேண்டும். அந்த வெயிலில் பற்கள் கிடுகிடுக்க அவன் நடுங்குகிற நடுக்கத்தைப் பார்த்து, வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். நான் இருபது வயசில் டிரெயினிங் படித்தவள்தான். பூகோளத்தை இப்படியும் நடத்தலாம் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. வயிறு எரிந்தது, உண்மையைச் சொன்னால். ஆனாலும் தினமும் போய் நின்று பார்த்தேன்.

அந்த வகுப்பில் கட்டுமரக்காரர் மகள் ஒருத்தி இருந்தாள். மற்றதுகள் கூச்சல் போடும்போது இவள் மட்டும் உருண்டை பக்கத்தில் குந்திக்கொண்டு, பெயர்களை எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பாள். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையை யார் கட்டியது என்று ஒரு நாள் கேட்டாள். ஒல்லாந்துக்காரன், அதாவது டச்சுக்காரன் என்றாள் டீச்சர். அவன் ஊர் எங்கே, எந்த வழியாக வந்தான், எத்தனை நாள் பிடிக்கும், வழியில் என்ன தின்பான்? கேள்வி முடியவே இல்லை. டீச்சரும் சளைக்கவில்லை. தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததை மறுநாள் செங்கல்பட்டிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தாள்.

அந்தப் பெண்ணின் அம்மா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு மேற்கே உள்ள ஊர்களுக்குப் போய் விற்கிறவள். வகுப்பு வாசலில் ஒரு நாள் கூடையோடு வந்து நின்று, கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “பரிச்சையோட நிறுத்திடப் போறேன் டீச்சர். அஞ்சாங் கிளாஸு இங்க இல்ல. பொட்டப்புள்ளைய அம்மாந்தூரம் மணல்ல தனியா அனுப்ப முடியாது. எங்கூட கூடை தூக்கிகினு வரட்டும்.”

“இங்கேயே அஞ்சாம் கிளாஸ் வந்தா?”

“வந்தா படிக்கட்டுமே. நானா வேணான்றேன்?”

அன்றிலிருந்து டீச்சருக்கு அதே பேச்சு. தலைமையாசிரியரை நச்சரித்து மனு போட வைத்தாள். பொங்கல் கழித்து இன்ஸ்பெக்டர் வருவார், நான்காம் வகுப்பைச் சோதித்துப் பார்ப்பார், அவர் திருப்தியாக எழுதினால் ஐந்தாம் வகுப்பு கிடைக்கும் என்று பதில் வந்தது. அந்தப் பெண்ணுக்கு இது கூடையா புத்தகமா என்கிற விஷயம். பெண்ணுக்கும் அது தெரியும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இதற்கு நடுவில்தான் சரஸ்வதி பூஜை வந்தது.

எங்கள் தலைமையாசிரியர் மாதிரி நல்ல மனுஷரைப் பார்க்க முடியாது. கதர்ச் சட்டை, நெற்றியில் திருநீறு. சுதந்திரம் என்று சொன்னாலே கண் கலங்கும். பூஜையன்று புத்தகம், பலகை, மணி, பிரம்பு எல்லாவற்றையும் பெஞ்சின் மேல் அடுக்கி, நடுநாயகமாக உலக உருண்டையை வைத்தார். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் இட வேண்டுமே! உருண்டைக்கு எங்கே இடுவது? சும்மா எங்கேயாவது இட்டிருக்கலாம். உலகத்தில்தான் அவ்வளவு தண்ணீர் கிடக்கிறதே. அவர் பக்தியோடு உருண்டையைத் திருப்பி, இந்தியா எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து, பாரத மாதாவுக்கு இடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, குழைத்த சந்தனத்தைக் கட்டியாக அதன் மேல் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டார். நாங்களும்தான் கும்பிட்டோம்.

விஜயதசமி காலையில் நான் போனபோது அவர் ஈரத்துணியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. சந்தனம் ராத்திரியெல்லாம் ஊறி, வார்னிஷைத் தின்றுவிட்டு, அடிக் காகிதத்தோடு ஒட்டிக் காய்ந்திருக்கிறது. இவர் ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். போகவில்லை என்று நகத்தால் சுரண்டியிருக்கிறார். இமயமலையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் சுத்தமாக உரிந்து வந்துவிட்டது. ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மொட்டை வெள்ளை. இலங்கை மட்டும் கீழே தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்ததே கோபம்! “ஏன் சார், பசிபிக் சமுத்திரத்துல இடக் கூடாதா? இருநூறு வருஷம் வெள்ளைக்காரன் வெச்சிருந்தும் இந்தியா இருந்த இடத்துலயே இருந்துச்சு. நீங்க ஒரே ராத்திரியில இல்லாம பண்ணிட்டீங்களே!” என்று கத்தினேன். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தால் சர்க்கார் சாமானைப் பாழாக்கினார்கள் என்று எழுதுவார். அப்புறம் ஐந்தாம் வகுப்பாவது ஒன்றாவது. அதை நினைத்ததும் கத்துவதை விட்டுவிட்டு, உதிர்ந்து கிடந்த துணுக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

வழக்கம்போல ஓடி வந்தாள் அவள். உருண்டையைப் பார்த்தாள். அப்புறம் வந்தது சிரிப்பு. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். தலைமையாசிரியர், காகிதத்தில் இந்தியாவை வரைந்து ஒட்டிவிடலாம், மசி போட்டு வர்ணம் தீட்டிவிடலாம் என்றார்.

“வேணாம் சார். அப்படியே இருக்கட்டும்” என்றாள். “இத்தனை நாளா இந்தியா எங்கேன்னா எழுத்தைப் பார்த்துப் படிச்சுச் சொன்னாங்க. இனிமே தேடித்தான் சொல்லணும். நல்லதாப் போச்சு.”

நல்லதாப் போச்சாம்! தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் மறுநாளிலிருந்து அவள் நடத்திய பாடத்தை நான் தட்டிக்கு மேலே எக்கி எக்கிப் பார்த்தேன். நம் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் அக்கம்பக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சீனா எங்கே? பர்மா எங்கே? அரபு நாடு எந்தப் பக்கம்? கிழக்கத்திக் காற்றான கொண்டல் எந்தக் கடல்மேல் வருகிறது? மேற்கத்திக் காற்றான கச்சான் எங்கிருந்து கிளம்புகிறது? ஒவ்வொரு பிள்ளையும் உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்து கடைசியில் அந்த மொட்டை வெள்ளையில் விரலை வைத்து, “இங்க கீது நம்ம ஊரு!” என்று சொல்லும். முன்பெல்லாம் இந்தியாவை மட்டும் பார்த்துவிட்டுப் போன பிள்ளைகளுக்கு மாசி பிறப்பதற்குள் உலகமே அத்துப்படியாகிவிட்டது. இப்படி ஒரு புத்தி எனக்கு வந்திருக்குமா என்றால் வந்திருக்காது. அன்றும் வந்திருக்காது, இன்றும் வராது.

இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டு, கனத்த மூக்குக் கண்ணாடி. சிரிப்பதற்குத் தனியாக உத்தரவு வர வேண்டும் போல ஒரு முகம். என் வகுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக நான்காம் வகுப்புக்குப் போனார். கண்டங்களைக் கேட்டார், சமுத்திரங்களைக் கேட்டார். பிள்ளைகள் பொரிந்து தள்ளினார்கள். பிறகு உருண்டையைத் தன் பக்கம் இழுத்துத் திருப்பினார். திருப்பிக்கொண்டே வந்தவர் கை நின்றுவிட்டது.

“என்ன இது? இந்தியா எங்கே?”

தலைமையாசிரியருக்கு வேர்த்துக் கொட்டியது. நான் தட்டியைப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் நிதானமாக, “பிள்ளைங்க காட்டுவாங்க சார்” என்று சொல்லி, கட்டுமரக்காரர் மகளைக் கூப்பிட்டாள்.

அந்தப் பெண் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “இது இலங்க சார். இந்தாண்ட அரபு நாடு. அந்தாண்ட பர்மா. மேல சீனா. நடுவுல நம்ம நாடு. இந்த ஓரத்துல நம்ம ஊரு. எழுத்துல இல்ல, ஆனா கீது.”

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “இங்கே ஒரு கோட்டை இருக்கே. அதைக் கட்டினவன் எங்கேருந்து வந்தான்?”

அவள் உருண்டையைத் திருப்பி ஒல்லாந்தில் விரலை வைத்தாள். அப்படியே அட்லாண்டிக்கில் இறக்கி, ஆப்பிரிக்காவை ஒரு சுற்றுச் சுற்றி, இந்துமா சமுத்திரத்தில் ஏறி, வெள்ளையின் ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“ஏன் அவ்வளவு சுத்திக்கிட்டு? இப்படிக் குறுக்கே வந்திருக்கலாமே?” என்று சூயசைக் காட்டினார்.

“அப்போ கால்வா வெட்டல சார்.”

இன்ஸ்பெக்டர் உருண்டையைத் தட்டி, “அதெல்லாம் சரி. இதை இப்படிப் பண்ணினது யார்?” என்றார்.

தலைமையாசிரியர் எழுந்தார். “சார், அது வந்து...” என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“நாங்கதான் சார்” என்றாள். “நம்ம ஊரு எங்க, நம்ம ஊரு எங்கன்னு தெனம் எல்லாரும் தொட்டுகினே இருந்தோம். தொட்டுத் தொட்டே போயிடிச்சு.”

ஐயோ, அந்த நிமிஷம்! ஒரு பிள்ளையாவது மறுத்துப் பேச வேண்டுமே, பூஜையன்று எல்லாரும் இருந்தவர்கள்தானே. ஒருத்தரும் பேசவில்லை. வாயாடிப் பையன்கள்கூட முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எதற்கு மறைப்பானேன்.

தலைமையாசிரியரால் தாங்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் வெளியே வந்து இளநீர் குடிக்கும்போது, கையைப் பிசைந்துகொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். சந்தனம், குங்குமம், ஈரத்துணி, நகம், எல்லாம். இன்ஸ்பெக்டர் குடித்து முடித்துக் காயைக் கீழே வைத்தார்.

“விரல் பட்டா அழுக்காகும்யா. இப்படி உரியாது. அது எனக்குத் தெரியாதா?” என்றார். அப்புறம், “அந்தப் பொண்ணு அடுத்த வருஷம் எங்கே படிக்கும்?” என்று கேட்டார்.

“எங்கேயும் இல்லைங்க” என்றேன் நான். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

பரீட்சை முடிந்து லீவு விடுகிற நாள், தலைமையாசிரியர் செங்கல்பட்டு ஆபீசுக்குப் போய்விட்டு, மணலில் அந்த வயசான கால்களால் எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக வந்தார். “கிடைச்சிடுச்சும்மா! ஜூன்ல அஞ்சாம் வகுப்பு!” பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஓலைக் கூரையே ஆடியிருக்கும். கட்டுமரக்காரர் மகள் வீட்டுக்கு ஓடினாள். அவள் போன பிறகுதான் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு மீதியைச் சொன்னார். ஐந்தாம் வகுப்பு நடத்த ஹையர் கிரேடு வாத்தியார்தான் வேண்டுமாம். ஒருவரைப் போட்டுவிட்டார்கள். மூன்று பேருக்கு மேல் இந்தப் பள்ளிக்கு இடம் இல்லை. கடைசியாக வந்தவள், லோயர் கிரேடு, இவள்தான். மதுராந்தகம் பக்கம் எங்கோ உள்ளே ஒரு பள்ளிக்கு இவளை மாற்றிவிட்டார்கள். பஸ் கிடையாது. அங்கேயே தங்க வேண்டும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆபீசில் இருக்கிறவர்கள் அத்தனை பேரையும் திட்டித் தீர்த்தேன். அவள் பேசாமல் பிள்ளைகளின் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது.

“ஏண்டி, உனக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“மனு போட்ட அன்னிக்கே தெரியும் அக்கா. டிரெயினிங்ல இந்த ரூல் எல்லாம் மனப்பாடம் பண்ண வெச்சாங்களே.”

“தெரிஞ்சுமா இத்தனை குதி குதிச்சே?”

அவள் பலகைகளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அஞ்சாம் கிளாஸ் வேணும்னுதானே அக்கா கேட்டோம்? நான் வேணும்னா கேட்டோம்?”

அவளை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். தலைமையாசிரியர் வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூனில் பள்ளி திறந்தது. ஐந்தாம் வகுப்பில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவள் கட்டுமரக்காரர் மகள்தான். அவள் அம்மா கூடையோடு கூடவே வந்திருந்தாள். உள்ளே எட்டிப் பார்த்து, “எங்க, எம்பொண்ணோட டீச்சரக் காணோம்?” என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் கூடையை இறக்கிக் கீழே வைத்தாள்.

“டீச்சர், டீச்சர்னே சொல்லிகினு இருந்தோம்” என்றாள். “அந்தப் பொண்ணு பேரு இன்னா?”

நான் சொன்னேன். அவள் அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டு ஒருமுறை சொன்னாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.